சூடு தருகிற சுகம் மாத்திரையில் இல்லை

(இலங்கையின் தேயிலை மலையகத்தில், ஹட்டனில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘தடிமனுக்கு மூலிகை மாத்திரைகளும் பொடிகளும் உண்மையில் உதவுகின்றனவா?’ இது ‘உதவவில்லை’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தப் பனியிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மாருக்கும், அண்ணன் தம்பிமாருக்கும், எதிரணி நண்பர்களுக்கும் என் வணக்கம்.

எதிரணியில் முதலில் பேசிய சேர் உருக்கமாகப் பேசினார். கொத்தமல்லியும் இஞ்சியும் வெனிவெல் என்கிற மரமஞ்சளும் போட்டு அவித்துக் கொடுத்த அப்பாயியை நினைவுபடுத்தினார். ‘நம் அப்பாயி கண்ட மருந்தை நேற்று வந்த ஆராய்ச்சி இல்லையென்று சொல்வதா?’ என்று கேட்டார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன், மனதாரத்தான் தட்டினேன். ஆனால் ஐயா, அப்பாயியை இந்த வழக்கில் சாட்சியாகக் கொண்டுவந்து, அவர் பார்த்தே இராத ஒரு போத்தலுக்கு நற்சான்று வாங்கப் பார்க்கிறார் சேர். அதை நான் விடமாட்டேன்.

அப்பாயி என்ன செய்தார்? அடுப்பில் தண்ணியைக் கொதிக்க வைத்தார். ஒரு பிடி கொத்தமல்லியை வறுத்துப் போட்டார், இஞ்சியைத் தட்டிப் போட்டார். பாதியாக வற்றவிட்டு, கருப்பட்டித் துண்டோடு கோப்பையைக் கையில் கொடுத்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாதே, இன்றைக்குப் படு என்றார். சூடான நீர், ஓய்வு, பக்கத்தில் ஓர் ஆள். இதில் எதையும் எங்கள் அணி மறுக்கவில்லை. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில், கார்டிஃப் பல்கலைக்கழகத்தில், தடிமனை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இருந்தது. அங்கே 2008இல் தடிமன் பிடித்த 30 பேருக்கு ஒரே பழச்சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள், சூடாகவும் சூடில்லாமலும். சூடாகக் குடித்தபோது தொண்டை வலி, தும்மல், குளிர், களைப்பு எல்லாவற்றிலும் உடனே இதம் தெரிந்தது. மூக்கு வழியாகப் போகிற காற்றை அளந்தபோது அதில் மாற்றமில்லை. மூலிகை ஒன்றுமே இல்லாத வெறும் பழச்சாறு ஐயா அது! அப்பாயியின் கோப்பையில் பாதி சுகம் அந்தச் சூடுதான். ஒரு வயது தாண்டிய பிள்ளையின் இருமலுக்குத் தேன் ஓரளவு உதவுகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு வயதுக்குக் கீழே தேன் கொடுக்கவே கூடாது என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வழக்கு வேறு. பூப் படம் போட்ட போத்தலில் அடைத்து, ‘நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும், தடிமனைத் தடுக்கும், வந்த தடிமனைச் சீக்கிரம் போக்கும்’ என்று சொல்லி விற்கிற மாத்திரை, குளிசை, பொடி இவற்றின் மேல்தான் வழக்கு. நான் டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். இந்தப் போத்தல்கள் என் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டு நிறைய நிற்கின்றன. தினமும் பார்ப்பதால்தான் இந்தப் பக்கம் வந்து நிற்கிறேன்.

சேர் சொன்ன அடுத்த வாதம்: ‘நான் விழுங்கினேன், நாலு நாளில் சுகம்.’ இங்கே இருக்கிற பலருக்கும் இதுதான் அனுபவம். பொய் என்று நான் சொல்லவில்லை. தடிமன் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று மட்டும் பார்ப்போம். இருநூறுக்கு மேற்பட்ட வைரசுகள் தடிமனை உண்டாக்குகின்றன. பெரும்பங்கு ரைனோ வைரசுடையது. நெஞ்சின் உட்சூட்டைவிட மூக்கின் குளிர்ச்சிதான் அதற்குப் பிடிக்கும், 33 பாகை செல்சியஸ் அளவில் நன்றாகப் பெருகும். முதல் நாள் தொண்டை கரகரக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் தலை கனத்து, மூக்கால் ஓடி, தொல்லை உச்சத்துக்குப் போகும். அதற்குப் பிறகு இறக்கம்தான். ஏழு முதல் பத்து நாளில் உடம்பு தானே அதை வென்றுவிடும். இதில் நாம் எந்த நாள் பாமசிக்கு வருகிறோம்? தொண்டை கரகரத்த அன்றைக்கு யாரும் வருவதில்லை. தாங்க முடியாத அந்த மூன்றாம் நாள்தான் வருகிறோம். அன்றைக்கு எதை விழுங்கினாலும் அடுத்த நாளிலிருந்து குறையத்தான் செய்யும். உடம்பு பட்ட பாட்டுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் மாத்திரை உதவியதா, உடம்பு தானே சுகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒருவருடைய அனுபவத்தை வைத்து முடியாது. நூற்றுக்கணக்கானோரைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மருந்தும் மறுபக்கத்துக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள் ஐயா. எக்கினேசியா என்று ஒரு செடி, வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள் பாவித்த மூலிகை. இன்றைக்குத் தடிமனுக்கென்று உலகத்தில் அதிகம் விற்கிற மூலிகைகளில் ஒன்று. என் தட்டிலும் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் இதைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். புதிதாகத் தடிமன் பிடித்த 719 பேர். 12 வயதுப் பிள்ளையும் உண்டு, 80 வயதுப் பெரியவரும் உண்டு. நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு ஒரு மாத்திரையும் இல்லை. இரண்டாவது கூட்டத்துக்கு வெறும் மாத்திரை. மூன்றாவது கூட்டத்துக்கு எக்கினேசியா, ஆனால் அவர்களுக்கு அது தெரியாது. நான்காவது கூட்டத்திடம் ‘இது எக்கினேசியாதான்’ என்று சொல்லியே கொடுத்தார்கள்.

முடிவைக் கேளுங்கள். ஒன்றுமே விழுங்காதவர்களுக்குத் தடிமன் சராசரியாக 7.03 நாள். வெறும் மாத்திரை விழுங்கியவர்களுக்கு 6.87 நாள். தெரிந்தே எக்கினேசியா எடுத்தவர்களுக்கு 6.76 நாள். வெறும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் மூன்று மணித்தியாலம்கூட இல்லை! தெரியாமல் எக்கினேசியா எடுத்தவர்களுக்கு 6.34 நாள். ‘அரை நாள் குறைந்திருக்கிறதே, அது பலன் இல்லையா?’ என்று எதிரணித் தங்கச்சி எழுந்து கேட்கப்போகிறார் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த அரை நாள் தற்செயலாகவும் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வு செய்தவர்களே எழுதினார்கள். மெய் என்றே வைத்துக்கொள்வோம். அதே செடி, அதே மாத்திரை, அதே அளவு. தெரிந்து விழுங்கியவர்களுக்கு அந்த அரை நாள் ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு எதிரணியில் யார் பதில் சொன்னாலும் உட்கார்ந்து கேட்கத் தயாராக இருக்கிறேன்.

ஓர் ஆய்வை மட்டும் வைத்துப் பேசவில்லை. இப்படி நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்க்கிற கொக்ரேன் அமைப்பு, 2014இல் எக்கினேசியாவைப் பற்றிய 24 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கலந்துகொண்டவர்கள் நாலாயிரத்து அறுநூறுக்கு மேல். வந்த தடிமனைக் குணமாக்குவதில் பலன் நிரூபிக்கப்படவில்லை என்றது. வராமல் தடுப்பதில் ஒரு சிறிய சாய்வு தெரிகிறது, அதையும் நம்பிச் சொல்வதற்கில்லை என்றது. 2003இல் 2 முதல் 11 வயது வரையான நானூறு பிள்ளைகளிடம் சோதித்தபோது நோய் ஒரு நாள்கூடக் குறையவில்லை. மூலிகை கொடுத்தபோது உடம்பில் தடிப்பு எழுந்தது மட்டும் கூடியது: வெறும் மருந்தில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு, மூலிகையில் ஏழு சதவீதம்.

தங்கச்சி பூண்டைப் பற்றிச் சொன்னார். 146 பேருக்குப் பன்னிரண்டு கிழமை பூண்டு மாத்திரையும் வெறும் மாத்திரையும் கொடுத்ததில், பூண்டுக் கூட்டத்தில் 24 தடவைதான் தடிமன், மற்றதில் 65 தடவை என்றார். கணக்கு சரி. நன்றாகப் படித்துத்தான் வந்திருக்கிறார். ஆனால் இதே கொக்ரேன் பூண்டைப் பற்றி ஆராய்ந்தபோது, ஏற்றுக்கொள்ளக்கூடியதாகக் கிடைத்தது அந்த ஒரே ஒரு சோதனைதான். தடிமன் வந்ததா இல்லையா என்று எழுதிவைத்தவர்களும் மாத்திரை விழுங்கியவர்களேதான். பூண்டு விழுங்கியவர் ஏப்பம் விட்டால் தான் எந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று அவருக்கே தெரிந்துவிடாதா? இன்னொரு தடவை, இன்னோர் ஊரில், வேறு ஆட்கள் செய்து அதே முடிவு வரட்டும். வந்தால் இதே மேடைக்கு வந்து தங்கச்சிக்கு மாலை போடுகிறேன்.

எதிரணியின் கையில் இருப்பதிலேயே கனமான சாட்சி நிலவேம்புதான். அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. 2017இல் 33 சோதனைகளை, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர்களைத் திரட்டிப் பார்த்ததில், இருமலும் தொண்டை வலியும் ஓரளவு குறைவதாகத் தெரிந்தது. அதே ஆய்வுதான், சேர்த்த சோதனைகளில் பெரும்பாலானவை தரமாகச் செய்யப்படவில்லை என்றும் சொன்னது. சரி, நிலவேம்பில் ஏதோ இருக்கலாம். அப்படி உடம்பில் வேலை செய்கிற பொருள் என்றால் அது கெடுதலும் செய்யும். நிலவேம்பு சேர்ந்த மாத்திரைகளால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவுஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரசபை எச்சரித்திருக்கிறது. ‘மூலிகைதானே, பலன் இல்லாவிட்டாலும் பாதகமில்லை’ என்று சேர் சொன்னாரே, அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதாவது நிச்சயமா? அமெரிக்காவில் டென்வர் நகரத்துக் கடைகளில் வாங்கிய 59 எக்கினேசியாத் தயாரிப்புகளைப் பரிசோதித்து 2003இல் எழுதினார்கள். பத்தில் ஒன்றில் எக்கினேசியாவே இல்லை. வெளியே எழுதிய இனமும் உள்ளே இருந்த இனமும் ஒத்துப்போனது பாதியில்தான். அப்பாயி தன் கையால் தட்டிப் போட்ட இஞ்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் ஐயா?

சம்பளம் போட்ட ஒரு மறுநாள். ஒரு அக்கா, இடுப்பில் பிள்ளையோடு கடைக்கு வந்தார். விரலெல்லாம் கொழுந்துக் கறை. பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தட்டைக் காட்டி, ‘அந்தப் பூ போட்டது குடுங்க தங்கச்சி, அது குடுத்தா புள்ளைக்குத் தடிமன் வராதாம்ல?’ என்று கேட்டார். போத்தலை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் அடியில், ஒரு சிறிய கட்டத்துக்குள், கண்ணாடி போட்டவரும் சிரமப்பட்டுத்தான் படிக்க வேண்டிய எழுத்தில் இரண்டு வரி. ‘இந்தக் கூற்றுகளை உணவு, மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை. இப்பொருள் எந்த நோயையும் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தடுக்கவோ உத்தேசிக்கப்பட்டதல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டம் அப்படி எழுதியே ஆகவேண்டும் என்கிறது. வாசித்துத் தமிழில் சொன்னேன். அந்த அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். ‘டீவியில சொன்னாங்களே’ என்றார். வாங்கிக்கொண்டுதான் போனார். அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. பிள்ளை மூச்சு விட முடியாமல் இரவெல்லாம் அழுதால் எந்தத் தாயும் எதையும் வாங்குவாள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் வேறொன்றும் எழுதுகிறவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று ஆனது. அதற்கு எத்தனை ஆண்டு போராட்டம் என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இறக்குமதிப் போத்தல் ஒன்றின் விலையில் அப்படிச் சில நாட்கள் போய்விடுகின்றன. மலையில் நின்று அட்டைக்கடி பட்ட நாட்கள்!

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் அண்ணன் ஒரு நல்ல வாதத்தை வைத்தார். கடும் குளிரில் உடம்பை வருத்துகிறவர்களுக்கு உயிர்ச்சத்து சீ தடிமனைப் பாதியாகக் குறைத்திருக்கிறது, கொழுந்தெடுக்கிற பெண்களுக்கும் அது பொருந்தும் என்றார். இன்று எதிரணி சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் மக்களை மனதில் வைத்துச் சொன்ன வாதம். 2013இல் வந்த தொகுப்பு அது. பதினோராயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட 29 சோதனைகளில், சாதாரண மக்களுக்குத் தடிமன் வருவது குறையவில்லை. மரதன் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த படையினர் என்று 598 பேரிடம் மட்டும் பாதியானது. நம் பெண்களுக்கும் பொருந்தலாம், மறுக்க மாட்டேன். ஆனால் அது மூலிகையில்லையே அண்ணன்! அதோடு, தடிமன் வந்த பிறகு தொடங்கியவர்களுக்கு நிலையான பலன் தெரியவில்லை. தினமும் எடுத்து வந்தவர்களிடம்தான் தெரிந்தது. தினமும் வேண்டுமென்றால் நாம் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் நிற்கிற கொய்யா மரம் போதும். நூறு கிராம் கொய்யாப் பழத்தில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் உயிர்ச்சத்து சீ இருக்கிறது. அந்தச் சோதனைகளில் கொடுத்த அளவு தொடங்குவதே இருநூறில்தான்.

ஒரு மருந்துப் பாணியை நம்பி நாடே ஓடியதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2020 டிசெம்பரில், கோவிட் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கிருந்து தூரமில்லாத கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணி வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். நோய் பரவாமலிருக்க விலகி நில்லுங்கள் என்று சொன்ன காலத்தில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். அதைப் பகிரங்கமாகக் குடித்துக்காட்டிய அன்றைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது. கோவிட் வேறு, தடிமன் வேறு, எனக்குத் தெரியும். ஆனால் ‘இதைக் குடித்துவிட்டேன், இனி எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற தைரியம் இருக்கிறதே, அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்தத் தைரியத்தில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்கிறோம், தும்மும்போது வாயை மூட மறக்கிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஐந்தாறு பேர், குளிருக்குப் பயந்து அடைத்த ஒற்றை ஜன்னல். ஒருவருக்குப் பிடித்தால் எல்லோருக்கும் பிடிக்கும். நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி தடிமன் வருவதற்குக் காரணம் அந்தக் காம்பரா. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள் என்று அந்தக் குடும்பத்திடம் போத்தல் விற்பதைவிட, காற்று வருகிற வீடு எங்கே என்று கேட்பதுதான் வைத்தியம்.

பாதகத்தைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். தடிமன் பொடிகள் பலவற்றில் அதிமதுரம் சேர்கிறது. அதை அதிகமாக, நெடுநாள் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை எடுக்கிற எத்தனையோ பேர் காலை மாலை இந்தப் பொடியைக் கலக்கிக் குடிக்கிறார்கள், யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் பூண்டு மாத்திரையும் சேர்த்து விழுங்கினால் இரத்தக்கசிவு ஏற்படலாம். தயவுசெய்து வைத்தியரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, நான் இந்த மேடைக்கு வந்ததற்கே காரணமானது. தடிமன் என்று நினைத்து மருந்தெடுக்கிற எல்லாமே தடிமன் இல்லை ஐயா. பிள்ளை வேகவேகமாக மூச்சு வாங்கினால், மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போனால், பால் குடிக்க மறுத்தால், அது நியூமோனியாவாக இருக்கலாம். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று ஒரு கரண்டி பாணி ஊற்றிப் படுக்க வைக்கிற நேரமில்லை அது. பெரியவர்களுக்கு இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் காசநோயா என்று சளியைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு போத்தல் முடிந்து, ‘இன்னொன்று குடித்துப் பார்ப்போம்’ என்று அடுத்த போத்தலுக்கு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். இருமிக்கொண்டே வருகிறார்கள். அந்த ஒரு மாதத்தில், அடைத்த காம்பராவில், பக்கத்தில் படுத்திருக்கிற பேரப்பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம் அது. முறையாக மருந்தெடுத்தால் குணமாகிற நோய் அது.

சேர், நீங்கள் ஒரு பாடசாலையில் இருக்கிறீர்கள். உங்கள் பேச்சைப் பெற்றோர் கேட்பார்கள். இன்றைக்கு இந்த மண்டபத்தில் நீங்கள் வென்றாலும் எனக்குக் கவலையில்லை. உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘அம்மாவுக்கு ஒரு மாசமா இருமல் சேர்’ என்று சொன்னால், எந்தப் பொடியின் பெயரையும் சொல்லாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனைக்குக் காசு இல்லை, காசநோய் என்று தெரிந்தால் அதற்கு மருந்தும் இலவசம் என்று சொல்லி அனுப்பிவையுங்கள்.

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் நன்றி. வணக்கம்.